எட்டு நட்டு

"முன் சீட்டுல உட்காராதீங்க, ஆடுது!" என்று கரையில் இருந்தே கத்தினாள் அவள்.

படகில் கால் வைத்த கணவர் நின்றார். சீட்டின் முதுகைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். விழப்போகும் பல்லைப் போல ஆடியது.

"போன தடவை நல்லாத்தானே இருந்துச்சு?" என்றபடி பின் சீட்டில் போய் உட்கார்ந்தார். அது அவரையும் சேர்த்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"ஐயையோ, அதுவுமா?" என்று அவள் நிஜமாகவே திடுக்கிட்டாள்.

சாயங்காலம் படகை வாங்க ஆள் வருகிறது. சின்ன மீன்பிடிப் படகு, இரண்டே சீட்டு. கணவரும் அவளுடைய தம்பியும் லீவு நாளெல்லாம் அதில்தான் கிடப்பார்கள். மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு பெரிய மீன் தூண்டிலில் மாட்டி, படகின் விளிம்பு வரை வந்து, தப்பிப் போனது. வலையை லேட்டாக நீட்டினான் என்று இவர் சொல்ல, எஞ்சினை முறுக்கி மீனைப் பயமுறுத்தியதே இவர்தான் என்று அவன் சொல்ல, அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. ஒரு மீனுக்காகவா என்று அவள் தலையில் அடித்துக்கொண்டதுதான் மிச்சம். "சனியன், படகையே வித்துடறேன்" என்று கிளம்பிவிட்டார் இவர். படகும் போய்விட்டால் இரண்டு பேரும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்க்க வேறு வழியே கிடையாது.

"மேலேர்ந்து நாலு ஸ்க்ரூ முடுக்கினாப் போதும்" என்றார் கணவர்.

"வாங்க வர்றவர் நல்ல கனம். உட்கார்ந்தா ஸ்க்ரூவோட பிடுங்கிக்கிட்டுத் தண்ணிக்குள்ள போவார். கீழே தகடு வெச்சு, போல்ட்டுக்கு நட்டு போட்டு முடுக்கணும். அந்தச் சந்துக்குள்ள நீங்க நுழைவீங்களா?"

அவர் தளத்தில் இருந்த சின்னச் சதுர மூடியைப் பார்த்தார். பிறகு தன் வயிற்றைப் பார்த்தார்.

அவள் தம்பிக்கு போன் போட்டாள். போனைப் பைக்குள் வைப்பதற்குள் அவன் வந்து நின்றான். பக்கத்துக் கடையில்தான் இருந்தானாம். கணவரின் பக்கம் திரும்பாமலே சட்டையைக் கழற்றிக் கரையில் இருந்த கம்பத்தில் மாட்டினான். அக்கா வாங்கி வைத்திருந்த புது நட்டு டப்பாவையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு தளத்துக்கு அடியில் நுழைந்தான்.

"அக்கா, இங்க ஒரு நட்டு கூட இல்ல. எஞ்சின் அதிர்ற அதிர்வுல எல்லாம் கழண்டு போச்சு போல. உன் வீட்டுக்காரரை மேல போல்ட்டைப் பிடிச்சுக்கச் சொல்லு. இல்லேன்னா அதுவும் கூடவே சுத்தும்."

"பிடிச்சுக்கணுமாம்" என்றாள்.

"காதுல விழுந்துச்சு. உன் தம்பியை இந்தத் தடவையாவது வாஷர் போடச் சொல்லு."

"வாஷராம்டா."

"போன தடவையும் போட்டேன்னு சொல்லு!"

விரல் கனத் தளத்துக்கு மேலே ஒருத்தர், கீழே ஒருத்தன். நடுவில் அவளுக்குத் தபால்காரி வேலை. இரண்டு போல்ட் முடிவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"எனக்குத் தொண்டை வறண்டு போச்சு. நான் டீ வாங்கிட்டு வரேன். பேசினாப் பேசுங்க, இல்லேன்னா வாங்கறவர் வர்ற வரைக்கும் இப்படியே கிடங்க" என்று நடையைக் கட்டினாள்.

கடை எதிரிலேயே இருந்தது. அவள் ஆற அமரத் திரும்பி வந்தாள். படகை நெருங்கும்போதே சத்தம் கேட்டது.

"சுத்துது, சுத்துது! நல்லாப் பிடிங்க மாமா!"

"பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் மாப்ள, நீ முடுக்கு!"

டீ ஃபிளாஸ்க்கோடு அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"போதுமா மாமா?"

"இன்னும் அரைச் சுத்து. ஆங், போதும். இரு, நான் உட்கார்ந்து பார்க்கறேன்."

"நான் முதல்ல வெளிய வந்துடறேன். சீட்டு தாங்கும், தளம் தாங்குமான்னு தெரியல!"

கணவர் சிரித்த சிரிப்பில் படகே குலுங்கியது. சீட்டு இரண்டும் அசையவில்லை.

டீயைக் குடித்துக்கொண்டே அவர் இரண்டு சீட்டிலும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தார். "இவ்வளவு உறுதியா மாட்டிட்டு, யாரோ ஒருத்தனுக்குத் தூக்கிக் குடுக்கறதா? அந்த ஆளுக்குப் போன் பண்ணி வர வேணாம்னு சொல்லிடு."

"நீங்கதானே விக்கணும்னு குதிச்சீங்க?"

"அப்ப சீட்டு ஆடுச்சு. மாப்ள, ஒரு ரவுண்டு போயிட்டு வருவோமா?"

அவர் எஞ்சினிடம் போய்க் குனிந்தார். தம்பி கரைப் பக்கம் கையை நீட்டினான். "அக்கா, அந்தச் சட்டையை எடேன்."

கம்பத்தில் இருந்து சட்டையை உருவினாள். அதன் பையில் இருந்து துருப்பிடித்த நட்டுகள் நான்கு படகுத்துறைப் பலகையில் விழுந்து உருண்டன. தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"என்ன சத்தம்?" என்றார் கணவர், நிமிராமலே.

"ஒண்ணுமில்லீங்க, சில்லறை!" என்று நட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு தம்பியை முறைத்தாள்.

"சத்தியமா பின் சீட்டை மட்டும்தான் கழட்டினேன்க்கா" என்று அவன் கிசுகிசுத்தான். "முன் சீட்டு எப்படி ஆடுச்சுன்னு எனக்குத் தெரியவே தெரியாது."

அவள் கைப்பையைத் திறந்து, அந்த நான்கு நட்டுகளையும் உள்ளே கிடந்த முன் சீட்டின் நான்கோடு போட்டு மூடினாள்.