நாலாவது ஸ்க்ரூ

"எலி கடிச்சாக்கூட இவ்வளவு மோசமா இருக்காது சார். யாரு பார்த்த வேலை இது?"

ஒர்க்‌ஷாப் மேசைமேல் கழற்றி வைத்திருந்த பைக் கார்புரேட்டரின் அடியில் நாலு ஸ்க்ரூ. மூன்றின் தலை மழமழவென்று தேய்ந்து கிடந்தது. மெக்கானிக்குக்குக் கோபமான கோபம்.

"நான்தான்" என்றான் வண்டிக்காரன்.

பின்னால் நின்ற அவன் மனைவி, "இல்லைங்க, அது வந்து..." என்று இழுத்தாள்.

"நீ சும்மா இரு." திரும்பிக்கூடப் பார்க்காமல் அடக்கினான்.

செய்றதையும் செஞ்சுட்டு, பொண்டாட்டி வாயை வேற அடைக்கிறாரு துரை. மெக்கானிக்குக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"நாளைக்குப் புது வேலையில சேரணும். வண்டி இல்லைன்னா போக வழியே இல்லை. எப்படியாவது..." என்று கெஞ்சினான் வண்டிக்காரன்.

"அது கையை வைக்கிறதுக்கு முன்னாடி தோணியிருக்கணும். ஜப்பான் வண்டிக்குச் சாதா ஸ்டார் ஸ்க்ரூடிரைவரைப் போட்டா இதான் கதி. அந்த டிரைவரோட நுனி கூர். பள்ளத்துல முழுசா உட்காராது. திருப்பினா எகிறி வந்து தலையைத் தின்னுடும். இதுக்குன்னே நுனி மொட்டையா தனி டிரைவர் இருக்கு. ஸ்க்ரூ தலையில சின்னப் புள்ளி இருக்கு பாருங்க, அதான் அடையாளம். இதுகூடத் தெரியாம எதுக்கு சார் தொடுறீங்க?"

"தப்பு என்னோடதுதான்."

அரை மணி நேரம் தட்டி, அழுத்தி, மல்லுக்கட்டி மூன்றையும் வெளியே எடுத்தான் மெக்கானிக்.

"மிச்சம் ஒண்ணு. உங்க கைக்குத் தப்பிச்சது. இந்தாங்க சரியான டிரைவர், நீங்களே கழட்டுங்க. அப்பதான் புத்தியில ஏறும்."

வண்டிக்காரன் வாங்கினான். பல்லைக் கடித்துத் திருப்பினான். அசையவில்லை. இன்னும் முக்கினான்.

"சார், நீங்க இறுக்குறீங்க."

கை அப்படியே நின்றது. எந்தப் பக்கம் என்று தெரியாமல் திருதிருவென விழித்தான்.

அவனுக்குப் பின்னால் மனைவியின் வெறுங்கை, அவளையும் அறியாமல், கழற்றும் திசையில், இடப்பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் அந்தக் கையைப் பார்த்தான். அவள் புருஷனைப் பார்த்தான். தொண்டைவரை வந்திருந்த அடுத்த திட்டை விழுங்கினான். டிரைவரை வாங்கி அவளிடம் நீட்டினான்.

"நீங்க வாங்க தங்கச்சி. நல்லா அழுத்திக்கிட்டே திருப்புங்க."

ஒரே திருப்பு. ஸ்க்ரூ கழன்றது.

"சார், அடுத்த தடவை பழியை ஏத்துக்கிட்டு வர்றதுக்கு முன்னாடி, எந்தப் பக்கம் திருப்பணும்னாவது வீட்ல கேட்டுட்டு வாங்க."