கோறளைப்பற்று மேற்குக்குக் கீழே

காலையில் கணினியைத் திறந்தால் முதல் வரியே சிவப்பு. முகவரி பாதியில் நிற்கிறது.

இப்படிப்பட்ட முகவரிகளைத் திருத்துவதுதான் இந்த வாழைச்சேனை கூரியர் கிளையில் என் வேலை. ‘பெரிய பள்ளிக்குப் பின்னால், மாமரத்து வீடு’ என்று எழுதிவிட்டு அனுப்புகிறவர்கள் வெளிநாட்டில் நிம்மதியாக இருப்பார்கள். மாகாணம், மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, கிராம சேவகர் பிரிவு, வீதி, வீட்டு இலக்கம் என்று கட்டம் கட்டமாகப் பிரித்துப் போட நான் ஒருவன்.

பெறுநர் பெயரைப் பார்த்தேன். அப்துல் மஜீத்.

அட, நான்தான்!

அனுப்பியவள் தோஹாவில் இருக்கும் என் மகள் அஸீமா. கிழக்கு மாகாணம், மட்டக்களப்பு, கோறளைப்பற்று மேற்கு. அதற்குக் கீழே மூன்று கட்டமும் வெறுமை. ஓட்டமாவடியில் பிறந்து வளர்ந்த வீட்டு இலக்கத்தையா மறப்பாள்? மாசமாக இருக்கிறாள், களைப்பில் விட்டிருப்பாள்.

அவளுடைய உம்மா கைறுன்னிஸாவும் நானும் காதி நீதிபதி முன்னால் விவாகரத்தாகிப் பிரிந்து நாலு மாதம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மேல்மாடி நான் கத்தாரில் உழைத்துக் கட்டியதாகவே இருக்கட்டும், பிரிந்தால் உடுப்பைக் கட்டிக்கொண்டு வெளியேறுவது ஆண்தான். பிள்ளை பிறக்கும்வரை மகளுக்குச் சொல்வதில்லை. நாங்கள் இருவரும் கடைசியாக ஒத்துக்கொண்டது அது ஒன்றைத்தான்.

இந்தக் கட்டங்களை நிரப்பினால் முழு முகவரியும் அனுப்பியவருக்கு உடனே எஸ்.எம்.எஸ். போகும். பாழாய்ப்போன ஏற்பாடு.

பழைய வீட்டையே போட்டுவிடலாம். மகளும் ஒன்றும் அறியமாட்டாள். கைறுன்னிஸாவுக்குப் போன் அடித்தேன்.

“மகள்ட பார்சல் ஒண்டு வந்திருக்கு. அட்ரஸ் போட மறந்திட்டா. அங்க அனுப்புறன், வாங்கி வை.”

“அவ மறக்கல்ல. வாப்பா இப்ப எங்க இருக்காரெண்டு என்னட்டத்தான் கேட்டா. எனக்குத் தெரியாதெண்டு சொல்லிட்டன்.”

வைத்துவிட்டாள்.

அவளுக்குத் தெரியாதுதான். நான் யாருக்குச் சொன்னேன்? என் கையால் நிரப்பவைக்கத்தான் மகள் மூன்று கட்டத்தையும் வெறுமையாக விட்டிருக்கிறாள்.

பிரிவை மாற்றினேன். மேற்கு இல்லை, வெறும் கோறளைப்பற்று. கிராம சேவகர் பிரிவு, வாழைச்சேனை பிரதான வீதி, இலக்கம். எல்லாம் இந்தக் கிளையினுடையவை. பின்னறையில், பார்சல் அடுக்கும் றாக்கைக்குப் பக்கத்தில்தான் நாலு மாதமாக என் பாய் கிடக்கிறது.

சேமித்தேன். வரி பச்சையானது.

அஸீமா ஒன்றும் மக்கில்லை. வருடத்துக்கு நாலு பொதி போடுகிறவள், கிளையின் முகவரி அவளுக்குப் பாடம்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, போன் அடித்தது. மகளின் பெயர். அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். எடுத்தால் அழுதுவிடுவேன்.