சம்மதத்துக்கு மூன்று நாள்

வட்டவளைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் முனியாண்டி சிலையை முப்பரிமாணத்தில் பதிய வந்த சுகிர்தன், தோட்டத்தாரின் சம்மதம் வாங்கவே திட்டத்தில் மூன்று நாள் ஒதுக்கியிருந்தான்.

"சிலை மினுங்கினால் ஸ்கேனரில சரியா விழாது. எண்ணெய், குங்குமம் எல்லாம் துடைக்க வேணும்," என்று தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"நாளைக்குக் காலையில தாராளமா தொடைங்க சேர்," என்றார் பூசாரி சோலைமலை.

மறுநாளே வேலை கச்சிதமாக முடிந்தது. மடிக்கணினித் திரையில் முனியாண்டி அழகாகச் சுழன்றார்.

"முடிஞ்சிருச்சா சேர்?" சோலைமலை மாவிலை வைத்த கும்பமொன்றைத் தூக்கி வந்தார். "அப்ப சாமிய திரும்பச் சிலையில ஏத்திடுறோம். நீங்க தொடைக்கப் போறீங்கன்னு காலையிலேயே இதுக்குள்ள எறக்கி வச்சிட்டோம்."

"அப்ப நான் பதிஞ்சது?"

"வெறுங் கல்லு சேர்."

சுகிர்தன் வாய்விட்டுச் சிரித்தான். திட்டத் தாளை எடுத்து, சம்மதத்துக்கென வைத்து மிஞ்சிய மூன்று நாளையும் கும்பத்தைப் பதிய ஒதுக்கினான்.