வண்டு எழுத்து

உல்கான் சுண்டுவிரல் நுனியில் ஆப்ரிகாட் ஜாமைத் தொட்டு, துர்தோனாவின் மேல்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் தடவினாள்.

“நாக்கு அந்த இனிப்பைத் தொடணும். தொட்டுக்கிட்டே சொல்லு.”

“யோல்,” என்றாள் குழந்தை.

நாக்கு தொடவில்லை.

அது தப்பே இல்லை. சாலைக்கு உல்கான் பேசும் கிர்கிஸில் ‘ஜோல்’. துர்தோனா வீட்டு உஸ்பெக்கில் ‘யோல்’. அந்த ஊரில் இரு வீட்டாரும் ஒரே தெருவில் இருந்தார்கள். ஒரே தந்தூரில் ரொட்டி சுட்டார்கள்.

மழலையர் பள்ளியில் முதல் ஒலி சொல்லிக்கொடுக்கும்போது, கால்களை விரித்த வண்டுபோல இருக்கும் கிர்கிஸ் ‘ஜ’ எழுத்தின் அட்டையை உல்கான் தூக்கிக் காட்டுவாள். பிள்ளைகளுக்கு அது வண்டு எழுத்து. அதில் தொடங்கும் சொல் கேட்டால் பாதிப் பேர் ஜோல் என்பார்கள், மீதிப் பேர் யோல் என்பார்கள். உல்கான் இரண்டுக்கும் கைதட்டச் சொல்வாள். பெரிய பள்ளிக்குப் போனால் தானாக வந்துவிடும் என்று விட்டுவிடுவாள்.

அன்று கைதட்ட ஆளில்லை. பிள்ளைகள் பகலில் தூங்கும் சின்னக் கட்டில்களில் பெரும்பாலானவை காலி. சமையல்காரி கஞ்சியை இறக்கி வைத்ததோடு வீட்டுக்குப் போய்விட்டாள். ஊரில் கிர்கிஸ்காரர்களுக்கும் உஸ்பெக்குகளுக்கும் கலவரம். ஜன்னலில் பார்த்தால் கடைத்தெருப் பக்கம் புகை.

துர்தோனாவின் அம்மா மஸ்தூரா காலையில் குழந்தையை விட வந்தவள், வாசலிலேயே நின்றாள். இந்த ஒரு ஒலி மட்டும் இன்றைக்கே வரவேண்டும் என்றாள். உல்கானுக்கு முதலில் விளங்கவில்லை. அஞ்சு வயசுதானே, இலையுதிர் காலத்துக்குள் வந்துவிடும் என்றாள்.

“பஸ்ஸ நிறுத்துறாங்களாம் அக்கா. பெரியவங்க எப்படியும் மாத்திப் பேசிடுவோம்னு அவங்களுக்குத் தெரியும். அதனால பிள்ளைங்களத்தான் கேக்குறாங்களாம். ரோட்டைக் காட்டி, இது என்ன கண்ணுன்னு.”

உல்கானும் கேள்விப்பட்டிருந்தாள். ஆற்றுக்கு அப்பால் இன்னொரு கூட்டம் இதே கேள்வியைக் கேட்கிறதாம். அங்கே யோல் என்றால்தான் விடுவார்களாம். ஆனால் விமான நிலையம் ஆற்றுக்கு இந்தப் பக்கம். மஸ்தூராவின் கணவன் மாஸ்கோவில் கட்டட வேலையில் இருந்தான். மாலை விமானத்துக்கு அங்கிருந்தே சீட்டுப் போட்டிருந்தான்.

உல்கான் தன் கணவன் மாமிரிடம் பேசினாள். அவன் தங்கையும் தங்கை மகளும் என்று சொல்லி, நம் லாடா காரிலேயே கொண்டுபோய் விடலாம் என்றாள். முடியாது என்றான். கொஞ்ச நேரம் வாசலில் நின்றான். பிறகு போய் வண்டிக்குப் பெட்ரோல் ஊற்றினான்.

மறுபடி ஜாம். மறுபடி யோல்.

குழந்தைக்கு அது விளையாட்டு. நக்கி விழுங்கிவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டு வாயைத் திறந்தாள். மதியமாகிவிட்டது. உல்கான் கத்திவிட்டாள். அவள் அந்தப் பிள்ளைகளிடம் கத்தியதே இல்லை.

துர்தோனா அழுதாள். அழுது ஓய்ந்து, மூக்கை உறிஞ்சி, ஒரு விசும்பலோடு சொன்னபோது நாக்கு மேலே போய் ஒட்டியது.

“ஜோல்.”

உல்கான் அவளை இறுகக் கட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு குழந்தையை நிறுத்த முடியவில்லை. கட்டிலைப் பார்த்து ஜோல் என்றாள். கஞ்சிப் பானையைப் பார்த்து ஜோல் என்றாள். மஸ்தூரா பையோடு வந்தபோது ஓடிப்போய் அவள் காதில் ஜோல் என்றாள். மஸ்தூரா குழந்தையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு சற்று நேரம் நிமிரவேயில்லை.

விமான நிலையத் திருப்பத்தில் சாலையின் குறுக்கே டயர்களை அடுக்கியிருந்தார்கள். கிர்கிஸ் இளைஞர்கள். சிலர் கையில் இரும்புக் கம்பி. வெயிலில் எல்லார் முகமும் சிவந்திருந்தது.

ஒருவன் வந்து மாமிருக்கு மரியாதையாக சலாம் சொன்னான். உல்கானின் தம்பி வயதுதான் இருக்கும். பின்சீட்டில் யார் என்று கேட்டான். தங்கச்சி, தங்கச்சி மகள் என்றான் மாமிர். அந்த இளைஞன் தன் உள்ளங்கையில் இருந்த சூரியகாந்தி விதைகளைக் குழந்தையின் மடியில் கொட்டினான். பிறகு ஜன்னலில் கையூன்றிக் குனிந்து, சாலையைக் காட்டினான்.

“இது என்ன குட்டி?”

“ஜோல்.”

சுத்தமாக வந்தது. உல்கானே அவ்வளவு சுத்தமாகச் சொல்லியிருக்க மாட்டாள்.

அவன் சிரித்து, குழந்தையின் கன்னத்தைத் தட்டினான். டயரை இழுக்கச் சொல்லி மற்றவர்களுக்குக் கை காட்டினான். மாமிர் கியரைப் போட்டான். பின்சீட்டில் மஸ்தூரா அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டது, முன்னால் இருந்த உல்கானின் பிடரியில் சூடாகப் பட்டது.

துர்தோனாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஜன்னலில் எக்கித் தலையை வெளியே நீட்டினாள்.

“எனக்கு இன்னைக்குத்தான் வந்துச்சு. இந்த அக்காதான் சொல்லிக்குடுத்தாங்க.”

இழுத்துக்கொண்டிருந்த டயர் பாதியில் நின்றது.

அவன் திரும்பி வந்து மறுபடியும் குனிந்தான். குரலில் கனிவு கொஞ்சமும் குறையவில்லை.

“அப்படியா? நேத்து வரைக்கும் என்னன்னு சொல்லுவ?”

பதில் தெரிந்த பிள்ளைகள் வகுப்பில் செய்வதைப்போல, துர்தோனா வலது கையை உயரத் தூக்கினாள்.