எழுந்து நில்லுங்கள்

"பாட்டு முடிஞ்சதும் அவரை ஒரு நிமிஷம் பார்க்கணும், அஸும்ப்தா. எப்படியாவது பார்த்தே ஆகணும்."

"அறுபதைத் தாண்டியாச்சு, டிம்ப்னா! சின்னப் பொண்ணு மாதிரி மேடைக்குப் பின்னால போய் நிக்கப் போறியா? துல்லமோர் ஊரே சிரிக்கும்."

"சிரிச்சுட்டுப் போகட்டும்."

பங்குக் கோயில் மண்டபத்தில் எள் விழ இடமில்லை. பாடகர் கோர்மக் டெவான் குரலை உயர்த்தும்போதெல்லாம் பெண்கள் கைக்குட்டையைத் தேடினார்கள். டிம்ப்னா பாட்டைக் கேட்கவேயில்லை. என்ன பேசுவது, எப்படித் தொடங்குவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் வார்த்தையையே பத்து முறை மாற்றினாள்.

இடைவேளையில் தேநீர் தட்டில் பாதி, கோப்பையில் பாதி.

"ஏண்டி இப்படி நடுங்குற? அவரென்ன போப்பாண்டவரா?"

"முகம் கொடுத்துப் பேசலேன்னா? அதுக்கப்புறம் நான் எதுக்கு உயிரோட இருக்கணும்?"

"அடேங்கப்பா, காதல் முத்திப் போச்சு! தங்கமான மனுஷன்டி. எல்லார்கிட்டயும் நின்னு பேசுவார். நானே கூட்டிட்டுப் போறேன்."

அன்று முதல் முறையாக டிம்ப்னா சிரித்தாள், பாவம்.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் கோர்மக் பியானோவை நிறுத்தச் சொன்னார்.

"இது என் அம்மாவுக்கு. நான் பிறந்த அன்னிக்கே போய்ட்டாங்க. என்னை வளர்த்த கன்னியாஸ்திரிகள்தான் கல்லறையைக் காட்டினாங்க. எனக்குக் கொஞ்சம் பேர் வந்ததும், 'நான்தான் உன்னைப் பெத்தவ'ன்னு எத்தனை பேர் வந்து நிக்கிறாங்க தெரியுமா? அவங்களைக் கல்லறைக்கே கூட்டிட்டுப் போய், 'இவங்ககிட்ட மன்னிப்புக் கேளுங்க'ன்னு சொல்லுவேன்." குரல் உடைந்தது. "எங்கம்மாவுக்காக எல்லாரும் ஒரு நிமிஷம் எழுந்து நில்லுங்க."

மண்டபமே எழுந்தது. டிம்ப்னாவும் முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தலை குனிந்து, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

விளக்குகள் எரிந்ததும் அஸும்ப்தா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "வா, கூட்டம் சேர்றதுக்குள்ள போயிடலாம்."

"வேண்டாம். பஸ்ஸுக்குப் போலாம்."

"இவ்வளவு ஆசைப்பட்டுட்டு? ஐயோ, ஏன் இப்படி அழுற? அவரோட அம்மாவை உனக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும்," என்றாள் டிம்ப்னா. "புள்ளை பிறந்தப்போ அவ சாகலை, அஸும்ப்தா. இப்பத்தான் செத்தா."