கறுப்புச் சதுரங்கள்

ஒன்பதாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய். புது வீட்டுக்கு டைல்ஸ் பாவிய சிலம்பாயி கூலி பாக்கியைக் கேட்டபோது வீட்டுக்காரர் தங்கவேலு சிரித்தார். "எழுத்துல இருக்கா? நீயே கைநாட்டு!"

நாற்பது வயதில் கற்ற எழுத்து, பேனாவில் அவளுக்கு வளைந்து கொடுத்ததில்லை. கட்டங்கட்டமாக அடுக்கினால் வந்தது. அவர் புதுமனைப் புகுவிழாப் பத்திரிகை வைக்கப் போன அன்று, பாவ மிச்சமிருந்த போர்டிகோவில் வெள்ளை டைல்ஸுக்கு நடுவே கறுப்புத் துண்டுகளைச் சதுரம் சதுரமாகப் பதித்தாள். தெருவிலிருந்தே படிக்கலாம், அவ்வளவு தடித்த, மூலை மூலையான எழுத்து: 'சிலம்பாயி கூலி பாக்கி ரூ. 9450.'

மறுநாள் தங்கவேலு வந்தபோது சிமெண்ட் இறுகியிருந்தது. வாசலில் பால்காரர் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வீடு குடிபோறேன் புள்ள, பேத்துத் தொலை!"

"மொதல்ல கூலிய வைங்க மொதலாளி."

எண்ணி வைத்தார். முந்தியில் முடிந்துகொண்டு அவள் உளியை எடுத்தாள். எழுத்துகளின் நடுவே ஒரே ஒரு வரிசையைக் கொத்தி எடுத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சிவப்புத் துண்டுகளைப் பதித்தாள்.

"அழிக்கச் சொன்னா என்னா பண்ற?"

"தீந்த கணக்க அழிக்க மாட்டாங்க மொதலாளி, அடிச்சுத்தான் வைப்பாங்க."

கடைசிச் சிவப்பைக் கொத்துக்கரண்டிக் காம்பால் தட்டி உட்கார வைத்தாள்.