ஓடிக்கொண்டே நிற்கும் வண்டிகள்

"வண்டி நிக்கும்போது இன்ஜினை அணைக்கச் சொல்லுங்க சார்." இதே பேருந்து நிறுவனத்தில் ஓட்டுநராக இருந்து, அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்த அப்பா வாய் தவறியும் கேட்காதே என்றதை, டிக்கெட் அறையில் டிக்கெட் கொடுப்பவள் மேலாளரிடம் கேட்டே விடுகிறாள். ஜன்னலுக்கு வெளியே, ஏசி குளிரட்டுமென்று ஐந்து பேருந்துகள் உறுமிக்கொண்டு நிற்கின்றன. கரி படிந்த கண்ணாடி வழியே வெயில் பழுப்பாக மேசையில் விழுகிறது. அவள் நெஞ்சுக்குள் விசில் சத்தம். "தூசிக்கே எனக்கு இழுக்கும் சார், புகையும் சேர்ந்தா மூச்சே வரல." மேலாளர் தேநீரை ஊதிக் குடிக்கிறார். "உங்கப்பாவும் இந்தப் புகையிலதான் ஓட்டுறாரு, ஒரு தும்மல் உண்டா? நீ படிச்சதுல மூக்கும் சேர்ந்து படிச்சிடுச்சு போல. ஜன்னலைச் சாத்திக்கம்மா." சாத்தினால் டிக்கெட்டை எந்த வழியாகக் கொடுப்பது? இன்ஹேலரை உறிஞ்சிவிட்டு, டிக்கெட் அறைச் சாவியை மேலாளர் முன்னால் வைக்கிறாள். வெளியே அப்பாவின் வண்டியும் உறுமிக்கொண்டுதான் இருக்கிறது. அப்பா கூப்பிடக் கூப்பிட, அதைக் கடந்து தெருவுக்கு நடக்கிறாள்.